ஏ-யும் பி-யும் எங்கே போயின? ஹார்ட் டிஸ்க் பாகப்பிரிவினையின் கதை



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரிக்கும் பார்க்கிங் பஞ்சாயத்துக்கும் நடுவே ஒரு கேள்வி அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. "லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. லினக்ஸ் போடலாமாமே? இதில் சிடி போடுகிற இடமே இல்லையே, எப்படிப் போடுவது?"

பத்து வரியில் பதில் சொல்லிவிடலாம். யூடியூபில் வீடியோக்களும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அந்தப் பத்து வரியில் ஒன்று பிசகினாலும், பேரனின் காதுகுத்து தொடங்கிப் பெண்ணின் கல்யாணம் வரை அதில் இருக்கும் படங்கள் அத்தனையும் போய்விடும். எந்த இடத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது, இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்று தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். அதனால் இந்த இதழில் கொஞ்சம் வரலாறு பேசுவோம். செய்முறைக் குறிப்புகள் கடைசியில் வருகின்றன. அவசரக்காரர்கள் அங்கே தாவலாம், ஆனால் தாவாமல் வந்தால் நல்லது.

உங்கள் கணினியைத் திறந்து பாருங்கள். சி டிரைவ் இருக்கும், பல வீடுகளில் டி-யும் இருக்கும். ஏ, பி இருக்காது. ஏன்?

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. ஒன்றோ இரண்டோ ஃபிளாப்பி டிரைவ் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஃபிளாப்பியின் கொள்ளளவு 160 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. டிரைவ்களுக்கு ஏ, பி என்று எழுத்துப் பெயர் வைக்கும் வழக்கம் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் என்ற முந்தைய ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து வந்தது. ஏ-யில் டாஸ் ஃபிளாப்பி, பி-யில் உங்கள் கோப்புகள். ஒரே டிரைவ் இருந்தால் அதுவே ஏ-யாகவும் பி-யாகவும் நடிக்கும், ஃபிளாப்பியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லும். கணினியை அணைத்தால் உள்ளே ஓ.எஸ். என்று எதுவும் தங்காது. மறுநாள் காலையில் மறுபடி ஃபிளாப்பியைச் செருகித்தான் எழுப்ப வேண்டும்.

1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. அதில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் புதிதாக வந்தவருக்கு சி கிடைத்தது. ஃபிளாப்பி செத்துப் பல ஆண்டுகள் ஆகியும் அந்த இரண்டு எழுத்துகளையும் யாருக்கும் ஒதுக்காமல் விண்டோஸ் பாதுகாத்து வருகிறது, காலமான தாத்தாவின் சாய்வு நாற்காலியில் யாரும் உட்காராத மாதிரி.

அந்த எக்ஸ்டியோடு வந்த டாஸ் 2.0-இல்தான் நம் கதாநாயகன் பிறந்தான்: எஃப்டிஸ்க் என்ற சின்ன புரோகிராம். அதன் வேலை டிஸ்க்கைப் பாகம் பிரிப்பது. பத்தே மெகாபைட்டை எதற்காகப் பிரிக்க வேண்டும்? அன்றைக்கு டாஸ்தான் ஜெயிக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. சிபி/எம்-86 இருந்தது, யூனிக்ஸ் வழி வந்த ஜெனிக்ஸ் இருந்தது. ஒரே டிஸ்க்கில் இரண்டு மூன்று ஓ.எஸ். குடியிருக்க நேரலாம், ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் நுழையக் கூடாது என்று யோசித்து வைத்த ஏற்பாடு இது.

எப்படிப் பிரித்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டிஸ்க்கின் முதல் துண்டு, அதாவது முதல் செக்டர், 512 பைட் கொண்டது. அதில் முதல் 446 பைட் கணினியை எழுப்பும் சிறு புரோகிராமுக்கு. கடைசி 2 பைட் ஒரு முத்திரை. நடுவில் மிச்சமிருக்கும் 64 பைட்தான் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கு பாகங்கள். ஒவ்வொரு 16 பைட்டிலும் இந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை ஓ.எஸ்.-க்கானது, எழுப்ப வேண்டியது இதைத்தானா என்ற விவரங்கள் இருக்கும். அவ்வளவுதான்.

அப்பார்ட்மென்ட்வாசிகளான நமக்கு இது எளிதில் புரியும். பத்திரத்தில் இருப்பது எல்லைகள் மட்டும். வீட்டுக்குள் இருக்கும் சோபாவும் பீரோவும் பத்திரத்தில் இல்லை. பத்திரத்தைக் கிழித்துப் போட்டாலும் சோபா அங்கேயேதான் இருக்கும். டிஸ்க்கும் அப்படித்தான். யாராவது ஒரு பார்ட்டிஷனை 'டெலீட்' செய்துவிட்டால் அந்தச் செயலில் அழிவது அதன் 16 பைட் மட்டும். உள்ளே இருந்த படங்களும் கடிதங்களும் அப்படியே இருக்கின்றன, வழிதான் தெரியாமல் போகிறது. டிஸ்க் முழுக்கத் தேடிப் பழைய எல்லைகளைக் கண்டுபிடித்துப் பத்திரத்தைத் திரும்ப எழுதித் தரும் மென்பொருள்கள் இருப்பதும் இதனால்தான். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய 'டெஸ்ட்டிஸ்க்' இலவசமாகவே கிடைக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: பிசகு நடந்த பிறகு அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதியிருக்கக் கூடாது. கடைக்காரர் "ஃபார்மட் பண்ணிட்டேன் சார், ஒண்ணும் வரலை" என்று சொல்லி, அதன் மேலேயே புது விண்டோஸையும் ஏற்றித் தருகிறாரே, அதற்குப் பிறகு தேடுவது வீட்டை இடித்துப் புது ஃபிளாட் கட்டிய பின் பழைய சோபாவைத் தேடுவது போலத்தான். இது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குச் சொன்னது. எஸ்.எஸ்.டி.-யில் ஃபார்மட் செய்த பிறகு மீட்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. காலி என்று ஓ.எஸ். சொல்லிவிட்ட இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

டிஸ்க்கைப் பிரித்தது விருப்பத்தால் மட்டுமல்ல, நிர்ப்பந்தத்தாலும்தான். ஆரம்ப கால டாஸ் ஒரு பாகத்தின் செக்டர்களை 16 பிட் எண்ணால் எண்ணியது. 65,536 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கினால் 32 மெகாபைட். அதற்கு மேல் ஒரு பாகம் இருக்கவே முடியாது. 40 மெகாபைட் டிஸ்க் வாங்கியவர் அதைப் பிரித்தே ஆக வேண்டும். நான்கு பாகமும் போதாமல் போகும் என்று 1987-இல் டாஸ் 3.3 ஒரு குறுக்கு வழி கண்டது. ஒரு பாகத்தை 'எக்ஸ்டெண்டெட்' என்று அறிவித்து, அதற்குள் டி, இ, எஃப் என்று உள்பாகங்கள். ஒரு ஃபிளாட்டை வாங்கி அதற்குள் நான்கு ஒண்டுக்குடித்தனம் வைத்த மாதிரி.

பிறகு எல்லை 2 ஜிகாபைட் ஆனது. அதிலும் ஒரு வேடிக்கை. 2 ஜிகாபைட் பாகத்தில் எந்தக் கோப்பும் குறைந்தது 32 கிலோபைட் இடம் பிடிக்கும், உள்ளே இரண்டு வரிக் கடிதம் இருந்தாலும் சரி. பாகத்தைச் சிறிதாக்கினால் இந்த விரயம் குறையும். 1996-இல் வந்த விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்பு, ஃபேட்32 என்ற புது முறையைக் கொண்டுவந்து இந்தத் தலைவலியைத் தீர்த்தது. தேவை தீர்ந்தது, பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. இன்றும் நம் ஊரில் புதுக் கணினி வாங்கினால் "சி, டி, இ மூணா பிரிச்சுடவா மேடம்?" என்று கேட்பார்கள்.

அதில் ஒரு நன்மை உண்டு. விண்டோஸ் கெட்டுப்போய் சி-யை மட்டும் அழித்து மறுபடி ஏற்றினால் டி-யில் உள்ளவை தப்பும். ஆனால் "படமெல்லாம் டி-யில பேக்கப் இருக்கு" என்று நம்மில் பலர் நிம்மதியாக இருப்பது சரியல்ல. சி-யும் டி-யும் ஒரே தட்டில் வரைந்த இரண்டு கோடுகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பாகப்பிரிவினை ஒருவரின் வாழ்க்கையையே திசை திருப்பிய கதையும் உண்டு. 1991-இன் தொடக்கத்தில் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் புதிதாக ஒரு 386 கணினி வாங்கினார். பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் பாடத்துக்காக எழுதிய மினிக்ஸ் என்ற ஓ.எஸ்.-ஐ அதில் ஒரு பாகத்தில் ஏற்றி, அதன் துணையோடு தன் சொந்த ஓ.எஸ்.-ஐ எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் பல்கலைக்கழகக் கணினியோடு இணைவதற்காக மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையை, கைதவறி ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பாகத்தின் முக்கியமான இடங்கள் பாழாயின. 2001-இல் வெளிவந்த 'ஜஸ்ட் ஃபார் ஃபன்' என்ற தன்வரலாற்றில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். மினிக்ஸை மறுபடி ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. தான் எழுதியதே போதுமான அளவு வளர்ந்துவிட்டது என்று அதிலேயே குடியேறிவிட்டார். அதுதான் லினக்ஸ். லினக்ஸ் போடலாமா என்று நாம் இன்று பேசிக்கொள்வதில் அந்தக் கைதவறலுக்கும் ஒரு பங்குண்டு.

இனி இரண்டாவது கதை: ஓ.எஸ்.-ஐ உள்ளே கொண்டுவருவது.

விண்டோஸ் 95 சிடியிலும் வந்தது, ஃபிளாப்பியிலும் வந்தது. ஃபிளாப்பி என்றால் 13. வழக்கமான 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் கொஞ்சம் நெருக்கி எழுதி ஏறக்குறைய 1.7 மெகாபைட் அடைத்திருந்தார்கள். 1993-இல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் லினக்ஸும் ஃபிளாப்பிக் கட்டுகளாகத்தான் பரவியது. ஏ வரிசை அடிப்படை, எக்ஸ் வரிசை திரைக்காட்சி என்று எழுத்து வாரியாக, வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். பதினோராவது ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலத்தவர்களிடம் கேளுங்கள், முகத்திலேயே தெரியும்.

சிடி வந்ததும் எல்லாம் சுலபமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சிடியைப் படிக்க டிரைவர் மென்பொருள் வேண்டும். அதை ஓ.எஸ்.தான் ஏற்ற வேண்டும். ஓ.எஸ்.-ஓ சிடிக்குள் இருக்கிறது! பூட்டிய வீட்டுக்குள் சாவி. கடையில் வாங்கிய விண்டோஸ் 95 சிடியிலிருந்து கணினியை நேரடியாக எழுப்ப முடியாது, முதலில் ஒரு பூட் ஃபிளாப்பி வேண்டும். அதில் சிடி டிரைவரையும் நாமே சேர்த்திருக்க வேண்டும். பலவகை சிடி டிரைவ்களுக்குமான பொது டிரைவரோடு பூட் ஃபிளாப்பி வந்தது விண்டோஸ் 98-இல்தான்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்களின் பொறியாளர்கள் 1995 ஜனவரியில் எழுதிய 'எல் டொரிட்டோ' என்ற வரையறை. கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரில் உள்ள மெக்சிகன் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே யோசித்ததால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். தந்திரம் எளிமையானது. சிடிக்குள் ஒரு ஃபிளாப்பியின் முழு நகலை ஒளித்துவைப்பது. கணினி எழும்போது அதை ஏ டிரைவ் என்று பயாஸ் காட்டுவது. உள்ளே வருபவர் உண்மையில் சிடி, வேடம் ஃபிளாப்பி. புதியவர் பழையவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே நுழைகிற இந்த வித்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு முறை வரப்போகிறது.

சிடி டிரைவே இல்லாதவர்கள், அல்லது இருந்தும் கெட்டுப்போனவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் இரண்டு கதையும் கைகோக்கின்றன. டிஸ்க்கில் இரண்டு பாகம் போட்டு, விண்டோஸ் சிடியில் உள்ள கோப்புகளை எப்படியாவது டி-யில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். டிஸ்க்கைக் கழற்றி நண்பரின் கணினியில் மாட்டி காப்பி செய்வது சாதாரணமாக நடந்தது. பிறகு ஒரு ஃபிளாப்பியால் எழுப்பி, டி-யிலிருந்து செட்டப்பை ஓட்டி, சி-யில் விண்டோஸை ஏற்றுவார்கள். அடுத்த முறை விண்டோஸ் கெட்டால் சிடியே தேவையில்லை. இன்று லேப்டாப்களில் மறைவாக இருக்கும் 'ரெக்கவரி பார்ட்டிஷன்' இதே யோசனைதான், நிறுவனமே செய்து தருகிறது. "இது என்ன சும்மா 15 ஜிபி?" என்று அதை அழிக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கவும்.

இன்னொரு வழி வலையமைப்பு. டிஸ்க்கே இல்லாத கணினி கேபிள் வழியாக ஓ.எஸ்.-ஐ இழுத்துக்கொள்ளும் முறைக்கான ஆவணம் 1984-லேயே வந்துவிட்டது. இன்டெல் 1999-இல் அதைச் சீராக்கி பிஎக்ஸ்இ என்று வெளியிட்டது. ஐம்பது கணினி உள்ள கல்லூரி லேபில் ஒவ்வொன்றுக்கும் சிடி போட்டுக்கொண்டிருக்க முடியாதல்லவா? வீட்டுக்கு இது பெரிதாக வரவில்லை. பிரவுசிங் சென்டர்களில் வேறொன்று பிரபலம்: நியூசிலாந்தில் பிறந்த 'கோஸ்ட்'. ஒரு கணினியைச் சரியாக அமைத்து, அந்தப் பாகத்தை அப்படியே படமெடுத்து மற்றவற்றில் ஒட்டுவது. அதை 1998-இல் சிமன்டெக் வாங்கியது.

ஏற்கெனவே நிரம்பியிருக்கும் பாகத்தைச் சுருக்குவதும் ஒரு பெரிய பிரச்சினையாக இருந்தது. எஃப்டிஸ்க்குக்குச் சுருக்கத் தெரியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் பிரிக்கும். 1993-இல் ஜெர்மனியின் ஆர்னோ ஷேஃபர் 'ஃபிப்ஸ்' என்ற இலவசப் புரோகிராமை எழுதினார். முதலில் டீஃப்ராக் ஓட்டிக் கோப்புகளையெல்லாம் டிஸ்க்கின் முன்பக்கம் ஒதுக்க வேண்டும். பிறகு ஃபிப்ஸ் எல்லைக் கணக்கை மட்டும் மாற்றி எழுதும். பவர்க்வெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக் அதையே வண்ணப் பட்டைகளாகக் காட்டி, மவுஸால் இழுத்தால் போதும் என்று ஆக்கியது. விண்டோஸிலேயே சுருக்கும் வசதி வந்தது 2007-இல், விஸ்டாவோடு.

இழுப்பது சுலபம்தான். ஆனால் எல்லையை நகர்த்தும்போது உள்ளே கோப்புகள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. பாதி மூட்டை பழைய வீட்டில், பாதி புது வீட்டில் இருக்கும் நேரத்தில் கரண்ட் போனால்? நம் குடியிருப்பில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்தச் சில விநாடி போதும், டெஸ்க்டாப் அணைந்துவிடும். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அடுத்து பென் டிரைவ். 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்ததை விற்ற ஐபிஎம்மும் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஐபிஎம் விற்றது 8 மெகாபைட். சில ஆண்டுகளில் பயாஸ்களும் யூஎஸ்பியிலிருந்து எழும்பக் கற்றுக்கொண்டன, பென் டிரைவை ஒரு ஹார்ட் டிஸ்க்காகப் பாவித்து. ஆனாலும் சிடி டிரைவ் எல்லாக் கணினியிலும் இருந்த வரைக்கும் யாருக்கும் அவசரமில்லை.

அவசரத்தைக் கொண்டுவந்தது ஒரு குட்டிக் கணினி. 2007 அக்டோபரில் தைவானின் ஏசுஸ் 'ஈ பிசி 701'-ஐ வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 4 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி., உள்ளே லினக்ஸ். சிடி டிரைவ் இல்லை. மூன்று மாதம் கழித்து, 2008 ஜனவரியில், ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அதிலும் இல்லை. பக்கத்துக் கணினியின் சிடி டிரைவைக் கடன் வாங்கிக்கொள்ள 'ரிமோட் டிஸ்க்' என்ற வசதியை ஆப்பிள் தந்தது. ஒருபுறம் சிக்கனக்காரர்கள், மறுபுறம் வசதிக்காரர்கள், இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பிரச்சினை. யுநெட்பூட்டின் போன்ற கருவிகள் அந்தச் சமயத்தில்தான் வந்தன. உபுண்டு 2008 ஏப்ரலில் 'வுபி' என்ற ஒன்றைத் தந்தது. பாகமே பிரிக்காமல் விண்டோஸுக்குள் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி லினக்ஸ் அதற்குள் குடியிருக்கும். சொந்த வீடு வாங்கும் முன் பேயிங் கெஸ்ட்டாக இருந்து பார்ப்பது போல.

இரண்டாவது வேடம் இந்தக் காலத்தில் வந்தது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சிடிகளின் அமைப்பை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 9660 என்ற தரம் 1988-இல் வந்தது. சிடியின் முதல் 32 கிலோபைட்டை அது எதற்கும் பயன்படுத்தாமல் காலியாக விட்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கோ உயிர் இருப்பது முதல் 512 பைட்டில். சிடியில் காலியாக இருக்கும் அந்த முற்றத்தில் ஹார்ட் டிஸ்க்கின் பத்திரத்தை எழுதிவைத்தால்? அதே கோப்பைச் சிடியில் எழுதினால் சிடி, பென் டிரைவில் எழுதினால் ஹார்ட் டிஸ்க். சிஸ்லினக்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பில் 2008 வாக்கில் வந்த இந்த 'ஐசோஹைப்ரிட்' முறையைத்தான் இன்றைய லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்புகள் பலவும் பின்பற்றுகின்றன.

மைக்ரோசாஃப்டும் 2009-இல் விண்டோஸ் 7-ஐ பென் டிரைவில் எழுத ஒரு கருவி தந்தது. அதற்குள் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள திறமூல நிரல் கலந்திருப்பதை வெளியில் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, கருவியைத் திரும்பப் பெற்று, பிறகு அதன் மூலநிரலையும் ஜிபிஎல் உரிமத்திலேயே வெளியிட்டார்கள். இன்று அதிகம் பேர் பயன்படுத்தும் ரூஃபஸ், 2011-இல் பீட் பதார்ட் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள்.

மூன்றாவது வேடம் பத்திரத்துக்கே. பழைய 64 பைட் பத்திரத்தில் நீளத்தை 32 பிட் எண்ணால் எழுதியிருந்தார்கள். அதனால் உச்ச வரம்பு ஏறக்குறைய 2 டெராபைட். 1983-இல் அது கற்பனைக்கும் எட்டாத அளவு. 2010 வாக்கில் 3 டெராபைட் டிஸ்க் கடைக்கு வந்துவிட்டது. மாற்று முன்பே தயாராக இருந்தது: பயாஸுக்குப் பதிலாக இன்டெல் தொடங்கிய இஎஃப்ஐ, அதோடு ஜிபிடி என்ற புதுப் பத்திரம். நான்கு பாகத்துக்குப் பதில் வழக்கமாக 128. 64 பைட்டுக்குப் பதில் 16 கிலோபைட். டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு பிரதியும் உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்று காப்பாற்றும். ஆனால் பழைய எஃப்டிஸ்க் போன்ற ஒன்று வந்து பார்த்து, காலி மனை என்று நினைத்துக் கட்டடம் கட்டிவிட்டால்? அதற்காக முதல் செக்டரில் "முழு இடமும் ஒருவருக்கே சொந்தம்" என்று பழைய பாணியிலேயே ஒரு பொய்ப் பத்திரத்தை எழுதிவைத்தார்கள். காலி மனையில் 'திஸ் பிராப்பர்ட்டி பிலாங்ஸ் டு' பலகை நட்டுவைப்போமே, அதுவேதான்.

யுஇஎஃப்ஐ கணினிகளில் பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, கோப்புகளைச் சாதாரணமாக காப்பி செய்தாலே பெரும்பாலும் எழும்பும். ஒரே இடறல்: ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது. இன்றைய விண்டோஸில் அதைவிடப் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். "காப்பி பாதியில் நிற்கிறது" என்று புலம்புகிறவர்களுக்குக் காரணம் 1996-இன் அந்த ஃபேட்32.

நம் ஊர்ப் பங்கும் இதில் உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வந்தது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, விண்டோஸும் பாஸும் அடுத்தடுத்த பாகங்களில் குடியிருந்த மடிக்கணினிகள் மாணவர்களின் கைக்குப் போயின. இரண்டு ஓ.எஸ். ஒரே டிஸ்க்கில் இருக்க முடியும் என்பதை நம் பிள்ளைகள் பலர் முதலில் பார்த்தது அதில்தான்.

சரி, உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். முதல் வேலை, படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுப்பது. டி-யில் அல்ல, வேறு டிஸ்க்கில். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்கினால் அதன் ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் உள்ளே நுழைய முடியாமல் போகலாம்.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று தேவை. அதில் உள்ளதெல்லாம் அழியும். ரூஃபஸ் திறந்ததும் எந்த டிரைவில் எழுதுகிறீர்கள் என்பதைக் கொள்ளளவை வைத்துச் சரிபாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கை அந்த நேரத்தில் கழற்றிவைப்பது உத்தமம். பேக்கப் எடுத்த டிஸ்க்கின் மேலேயே ஐஎஸ்ஓ எழுதிய சோகங்கள் நிறைய உண்டு.

லேப்டாப்பை இயக்கும்போது டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் தட்டினால் பெரும்பாலும் பூட் மெனு வரும். மின்ட், உபுண்டு போன்றவை டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடிக் காட்டும். 2000-இல் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் பிரபலமாக்கிய வசதி இது. வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கின்றனவா என்று அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஏற்றும்போது, "விண்டோஸ் பக்கத்தில் நிறுவு", "டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு" என்ற பொருளில் இரண்டு தெரிவுகள் வரும். முழுவதும் என்றால் டி-யும் சேர்த்துத்தான். சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

லேப்டாப்பையே கழித்துவிடுவது என்று முடிவெடுத்தால், மின்கழிவாகக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மேலே சொன்ன சோபா கதை நினைவிருக்கும். ஃபார்மட் செய்ததாலேயே உங்கள் வங்கி ஆவணங்கள் மறைந்துவிடாது. கழற்றிய 2.5 அங்குல டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப் டிஸ்க்காகவும் உதவும். செருகியதும் விண்டோஸ் அதற்கு இ, எஃப் என்று ஏதாவது ஒரு எழுத்தைக் கொடுக்கும். பிடிக்கவில்லையா, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஏ என்றோ பி என்றோ நீங்களே மாற்றிக்கொள்ளலாம். இப்போதெல்லாம் அது மறுப்பதில்லை.